எட்டாம் வள்ளல்

முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் அதியமான். இப்படி ஏழு பேரைச் சொல்லிக் கடையெழு வள்ளல்கள் என்று கணக்கை மூடிவிட்டார்கள் நம் புலவர்கள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். எட்டாவது வள்ளல் 2012 மார்ச் 14 அன்று அவதரித்து, 2014 ஏப்ரல் 7 அன்று அம்பலப்படும்வரை உலகெங்கும் ஓசைப்படாமல் வாரி வழங்கினார். ஏழு பேரின் கொடையையும் ஒரு தட்டில் வைத்தாலும் இவர் தட்டுதான் தாழும்.

அவர் பெயர் ஹார்ட்பிளீட். நெஞ்சம் கசிபவர் என்று பொருள் கொள்ளலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 1.0.1 பதிப்பில் குடியிருந்தார். வங்கித் தளத்துக்குள் போகும்போது முகவரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு தெரிந்ததல்லவா, அந்தப் பூட்டைச் செய்து தரும் பட்டறைதான் ஓப்பன்எஸ்எஸ்எல். நீங்கள் தட்டும் ரகசியச் சொல்லை வழியில் எவரும் படிக்க முடியாதபடி உருமாற்றி அனுப்புவது அதன் வேலை. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரில் பிழைக்கும் நாங்கள் சும்மா கிடைப்பதை விட்டுவைப்பவர்களா? எடுத்துக்கொண்டோம்.

வள்ளலின் கொடைமுறையைச் சொல்லாமல் வெறுமனே புகழ்வது அழகல்ல. கோர்ட் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தரும் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு சீட்டை நீட்டி, "ஐயா, இதில் இருப்பதை அப்படியே திருப்பிப் படியுங்கள். நீங்கள் தூங்கிவிடவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான்" என்கிறீர்கள். சீட்டில் இருப்பது 'பூ' என்ற ஒரே எழுத்து. ஆனால் "மொத்தம் 65,535 எழுத்து" என்று சொல்லிவைக்கிறீர்கள். கஞ்சனாக இருந்தால், "எங்கேயப்பா, ஒன்றுதானே இருக்கிறது?" என்பான். நம்மவர் அப்படிக் கேட்டு யார் மனத்தையும் நோகடிக்க மாட்டார். 'பூ' என்று தொடங்குவார். சீட்டு தீர்ந்துவிடும், எண்ணிக்கை தீராது. மேசையில் அடுத்துக் கிடக்கும் காகிதத்தை எடுப்பார். அது உங்களுக்கு முன்னால் வந்துபோன பெண்ணின் ஜீவனாம்ச மனு. கணீரென்று படிப்பார். அதற்கடுத்தது யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு. அதையும் படிப்பார். அதற்கும் அடியில் பெரியவரே தன் பீரோவின் பூட்டு எண்ணைக் குறித்துவைத்த துண்டுத்தாள். அதையும் விடமாட்டார். 65,535 ஆனதும் நிறுத்தி, "சரியா இருக்கா தம்பி?" என்று கேட்பார்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சேர்த்த ஹார்ட்பீட் என்ற வசதி இதைத்தான் செய்தது. வந்த சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்பவரே சொல்வார். சொன்ன நீளம் மெய்தானா என்று சர்வர் பார்க்காது. சர்வரின் நினைவகத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும், ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. மறுபடி கேட்டால் மறுபடியும். கேட்பவர் கணக்கு வைத்திருப்பவரா, ஊர் எது, பெயர் எது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. கொடுத்ததை எழுதிவைக்கும் பழக்கமும் கிடையாது. சர்வரின் பதிவேட்டில் ஒரு வரி விழாது. வலக்கை கொடுத்தது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். இங்கே வலக்கைக்கே தெரியவில்லை.

பழைய வள்ளல்கள் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. பாரி கொடுத்தது பாரியின் தேர். பேகன் கொடுத்தது பேகனின் போர்வை. கைப்பொருளைக் கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்? எட்டாமவர் இதில் கெட்டிக்காரர். அவர் கொடுத்ததில் ஒரு குண்டுமணிகூட அவருடையது இல்லை. உங்கள் பாஸ்வேர்ட், என் கடன் அட்டை எண், யாரோ ஒரு பெண்மணி யாருக்கோ எழுதிய அந்தரங்க மின்னஞ்சல் எல்லாம் அந்தக் கொடையில் அடக்கம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்ற நம் முன்னோர் கலையை ஒரு கணினி நிரல் இவ்வளவு தேர்ச்சியாகச் செய்து நான் பார்த்ததில்லை. கனடாவின் வருமான வரித் துறை அந்த ஏப்ரலில் சுமார் 900 பேரின் சமூகக் காப்பு எண்களை இப்படித் தானம் செய்துவிட்டு, தளத்தைச் சில நாள் மூடிவைத்து, வரி கட்டும் கெடுவையும் தள்ளிப்போட்டது. வரி கட்டுபவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூவேந்தரும் படையோடு வந்தால் பறம்பு மலையை எடுக்க முடியாது, ஆனால் பாடிக்கொண்டு வந்து கேட்டால் பாரி கொடுத்துவிடுவான் என்று கபிலர் சொன்னதாகப் படித்திருக்கிறோம். ஹார்ட்பிளீட் அதையும் மெய்ப்பித்தது. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது: சில்லறைத் தகவல் போகலாம், சர்வரின் தனிச்சாவி, அதாவது கோட்டைச் சாவி, போகுமா? வேண்டுமென்றே ஒரு சர்வரைத் திறந்துவைத்து, முடிந்தால் எடுங்கள் என்று ஏப்ரல் 11 அன்று உலகுக்கு அறிவித்தது. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். முதலில் எடுத்தவர் ஃபெடோர் இந்துட்னி; கேட்ட தடவைகள் சுமார் 25 லட்சம். இன்னொருவருக்கு ஒரு லட்சம் தடவையே போதுமானதாக இருந்தது. படை எதற்கு, பொறுமை போதும்.

இப்பேர்ப்பட்டவர் கருவான தருணமும் சிறப்பானதுதான். 2011 டிசம்பர் 31 இரவு, ஐரோப்பா புத்தாண்டுக்கு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நிரல் களஞ்சியத்தில் சேர்ந்தது. பெங்களூரில் அப்போது விடியற்காலை. பிரிகேட் ரோட்டில் புத்தாண்டுக் கூட்டம் கலைந்து, நகரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எழுதியவர் ராபின் செக்கல்மன் என்ற ஜெர்மானியர், அப்போது முனைவர் பட்ட ஆய்வாளர். நீளம் பொய்யாக இருந்தால் சத்தமில்லாமல் தள்ளிவிட வேண்டும் என்ற விதி, 2012 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 6520 ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த ஆவணத்தை எழுதிய மூவரில் செக்கல்மனும் ஒருவர். பின்னால் கேட்டபோது, சரிபார்க்காமல் விட்டது என் பிழைதான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எங்கள் தொழிலில் இது சற்றே அநாகரிகமான செயல். "தேவைகள் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போயிற்று.

திறந்த நிரல் என்பதால் எவர் வேண்டுமானாலும் படித்துப் பிழை கண்டிருக்கலாம். உலகமே படிக்கும் என்று உலகமே நம்பியது. ஆளுக்கொரு குடம் பால் கொண்டுவந்து இரவில் குளத்தில் ஊற்றச் சொன்ன ராஜாவின் கதை நமக்குப் புதிதா? அடுத்தவன் பால்தானே ஊற்றுவான், நம் ஒரு குடம் தண்ணீர் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு ஆண்டும் சில நாளும் கழித்து, கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே வந்து குளத்தில் கையை நனைத்தபோதுதான் உள்ளே இருப்பது பச்சைத் தண்ணீர் என்று தெரிந்தது.

வள்ளலை வளர்த்த தாயையும் போற்ற வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் எழுதப்பட்டது சி மொழியில். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி அது. அதற்கு நிரலர்மேல் உள்ள நம்பிக்கை, தலைப்பிள்ளைமேல் தாய்க்கு இருக்கும் நம்பிக்கை. நூறு எழுத்துக்கு இடம் வாங்கிவிட்டு அறுபதாயிரம் எழுத்தைப் படிக்கிறேன் என்றாலும், "என் பிள்ளை ஏதோ காரணத்தோடுதான் செய்யும்" என்று விட்டுவிடும். ரஸ்ட் என்று ஒரு மொழி 2015 மேயில் முதல் நிலையான பதிப்பாக வந்தது. அது சரியான சந்தேகப் பிராணி. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையைப் போல ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கும்: இது யாருடையது? இப்போது யார் கையில் இருக்கிறது? இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்தீர்களா? கொப்பரைக்கு வெளியே ஏன் கையை விட்டாய்? பதில் சொல்லாவிட்டால் அடுப்பையே பற்றவைக்க விடாது, இல்லாவிட்டால் பாதிச் சமையலில் அணைத்துவிடும். மானமுள்ள நிரலர் எவர் இதைப் பொறுப்பார்? மைக்ரோசாஃப்ட் 2019இல் ஒரு கணக்குச் சொன்னது: ஆண்டுதோறும் அது அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் நூற்றுக்குச் சுமார் 70, நினைவகத்தைத் தவறாகக் கையாண்ட வகை. மறு ஆண்டு குரோம் குழுவும் ஏறக்குறைய அதே கணக்கைச் சொன்னது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையே நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுங்கள் என்று அறிக்கை விட்டது. எழுபது விழுக்காடு கொடுத்துச் சிவந்த கையை வெட்டச் சொல்கிறார்கள். நன்றி கெட்ட உலகம்.

எல்லை மீறுவது பற்றிப் பெங்களூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் மூன்றாமவர் வந்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றால் நகர்ந்துகொள்வது இந்த ஊரின் பண்பாடு. ஏரிக்கரையும் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாயும் அதே பண்போடு நகர்ந்துகொடுத்தவை. ஏரிக்கும் கட்டடத்துக்கும் நடுவில் 75 மீட்டர் இடம் விட வேண்டும் என்று 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அந்த இடைவெளிக்கு இங்கே பெயர் பஃபர். நிரலில் தரவு தங்கும் இடத்துக்கும் அதே பெயர்தான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் வெளிவட்டச் சாலையில் தண்ணீர் நின்றபோது, பஃபர் நிரம்பி வழிவது பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக்கூடியவர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள்.

2014க்கு வருகிறேன். ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை. நான் அதே வெளிவட்டச் சாலையில் ஓர் அலுவலகத்தில் சர்வர் பார்க்கும் கூட்டத்தில் கடைசி ஆள். திங்கட்கிழமை 14ஆம் தேதி சித்திரைத் திருநாள்; வெள்ளி இரவு மடிவாளாவில் நெல்லை பஸ் ஏற டிக்கெட் போட்டிருந்தேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு தர்மபுரி அண்ணன், அதியமான் ஊர்க்காரர். எங்கிருந்தோ கிடைத்த ஒரு சிறு சோதனை நிரலை எங்கள் சர்வர்மேலேயே ஏவிவிட்டார். திரையில் இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் எழுத்துகள், வரிசை வரிசையாக ஓடின. பாதிக்கு மேல் புள்ளிகள். நடுவில் திடீரென்று தமிழ்நாடு எட்டிப்பார்த்தது: என் ஊர்ப் பெயர், அதன் பக்கத்தில் 123. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இது உன் பாஸ்வேர்டா?"

"ஆமாண்ணே."

"வெப்மெயிலுக்கு மட்டும்தானா?"

நான் பதில் சொல்லவில்லை. அண்ணனும் பிறகு கேட்கவில்லை.

பஸ் டிக்கெட்டை ரத்து செய்தேன். அடுத்த நான்கு நாள் எங்கள் நிறுவனம் காட்டிய நிதானத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். திருத்திய பதிப்பு வந்ததும் எல்லாச் சர்வரிலும் போட்டுவிட்டு, "முடிந்தது" என்று மேலிடத்துக்கு அறிக்கை போய்விட்டது. வெள்ளி இரவு சோதனை நிரல் இன்னும் பழைய பாட்டையே பாடியது. நூலகத்தை வட்டில் மாற்றினால் போதாது. பழையது நினைவகத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும், சர்வீஸை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும்.

"ரீஸ்டார்ட் பண்ணலையாடா?"

"கிளையண்ட் டெமோ இருக்கு, திங்கட்கிழமை வரைக்கும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னு மேனேஜர் சார் சொல்லிட்டாருண்ணே."

டெமோ நடந்தது. தானமும் நடந்தது. சாவி போயிருக்கலாம் என்பதால் புதுச் சான்றிதழ் வாங்கச் சொன்னார்கள். வாங்கினோம். பழைய தனிச்சாவியை வைத்தே விண்ணப்பித்து வாங்கினோம். புதுப் பூட்டு, அதே சாவி. திருடியவர் ஏமாறக் கூடாது என்ற நல்லெண்ணம். நகரமோ 17ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலில் ரகசிய வாக்களிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஊர் தன் அதிகாரப்பூர்வப் பெயரையே பெங்களூரு என்று மாற்றிக்கொண்டது. எங்கள் நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்ட் அப்போதும் மாறியிருக்கவில்லை.

ஒரே ஒரு சர்வர் தப்பித்தது. மூலையில் தூசி படிந்து, யாரும் தொடாமல், 0.9.8 என்ற பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்த பெட்டி. அந்தக் கிழப் பதிப்பில் ஹார்ட்பீட் வசதியே கிடையாது. இதயம் இல்லாதவருக்கு இதயம் கசியுமா? காலாண்டுக் கூட்டத்தில் அது "நீண்டகால நிலைத்தன்மை உத்தி" என்ற தலைப்பில் ஒரு ஸ்லைடு ஆகியது. கைதட்டினார்கள். நானும்தான்.

இனிப் பட்டறைக்காரரின் கூலி. தொண்டைமானின் ஆயுதசாலையில் எண்ணெய் பூசி மாலை சூட்டிப் பளபளக்கும் வேல்களைப் பார்த்த ஔவை, எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் இகழ்ந்தார். இன்று வந்தால் எங்களிடம் என்ன சொல்வார்? எங்கள் ஆயுதசாலைகள் கண்ணாடிக் கட்டடங்கள். வேலை ஐம்பது ஸ்லைடுகளில் பளபளக்கும். உலகத்து வேல்கள் அத்தனையும் போய்ச் சேர்ந்ததோ ஒரே கொல்லுப்பட்டறைக்கு. ஓப்பன்எஸ்எஸ்எல் அறக்கட்டளையின் ஸ்டீவ் மார்க்வெஸ் வெளிப்படையாகச் சொன்னார்: ஆண்டுக்கு வரும் நன்கொடை சுமார் 2,000 டாலர்; நிரலுக்கு முழுநேர ஆள் ஒருவர். அன்றைய மதிப்பில் சுமார் 1,20,000 ரூபாய். பெங்களூரின் பெரிய நிறுவனங்களில் கல்லூரி முடித்து அன்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கு நான்கைந்து மாதச் சம்பளம். உலகத்தின் பூட்டுக்கு ஓராண்டுக் கூலி அது. ஓட்டையைக் கண்டுபிடித்ததற்காக நீல் மேத்தாவுக்குக் கிடைத்த பரிசு 15,000 டாலர். அதை அவர் பத்திரிகைச் சுதந்திரத்துக்கான ஓர் அறக்கட்டளைக்கு அப்படியே கொடுத்துவிட்டார். கைப்பொருளைக் கொடுக்கும் பழங்கால ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அம்பலப்பட்ட பிறகு, ஒரு வாரத்தில் சுமார் 200 பேர் அனுப்பியது மொத்தம் 9,000 டாலர் அளவு. அதில் பெரும்பாலும் தனிமனிதர்களின் ஐந்து, பத்து டாலர்கள். எங்கள் தர்மபுரி அண்ணனும் சனிக்கிழமை இரவு, ஆறிப்போன எலுமிச்சை சாதப் பொட்டலத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கார்டில் பத்து டாலர் போட்டார். ஏப்ரல் 24 அன்று லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியில் பெருநிறுவனங்கள் திரண்டு, தலைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலராவது மூன்றாண்டுக்குத் தருவோம் என்றன. அமேசான், சிஸ்கோ, கூகுள், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் என்று போகிறது அந்த முதல் பட்டியல். இந்த ஆறுக்கும் பெங்களூரில் கிளை உண்டு. பெங்களூரில் தலைமையகம் உள்ள நிறுவனம் ஒன்றுகூட அதில் இல்லை. உலகத்துக்கே மென்பொருள் செய்து தருபவர்கள். தனியே நன்கொடை வேறு தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

பாடம் கற்றோமா என்றால், மனப்பாடமாகக் கற்றோம். 2022 அக்டோபர் 25 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் குழு, அபாயகரமான ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் நவம்பர் 1 அன்று வரும் என்று முன்கூட்டியே மணியடித்தது. நவம்பர் 1 இங்கே ராஜ்யோத்சவ விடுமுறை. தெருவெல்லாம் மஞ்சள் சிவப்புக் கொடி. இம்முறை ஓட்டை, பியூனிகோடைப் பிரிக்கும் நிரலில். தமிழிலோ கன்னடத்திலோ இணைய முகவரி எழுதினால் அதை இயந்திரத்துக்குப் புரியும் எழுத்தாக மாற்றுவது பியூனிகோடு. வழிந்தது நான்கே பைட். பரிசோதித்துவிட்டு அபாயத்தின் தரத்தை ஒரு படி இறக்கினார்கள். பாதிக்கப்பட்டது 3.0 வரிசை மட்டும், பழைய 1.1.1இலேயே சோம்பிக் கிடந்தவர்கள் மறுபடியும் தப்பித்தார்கள். எங்கேயோ அந்த ஸ்லைடு மறுபடியும் தூசி தட்டப்பட்டிருக்கும்.

அண்ணனின் பத்து டாலர் கதை பாக்கி இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் அவர் அதை அலுவலகச் செலவாகக் காட்டி, திருப்பித் தரும்படி விண்ணப்பித்தார். வேடிக்கைக்காகத்தான் என்றார், நான் நம்பவில்லை. இரண்டே நாளில் கணக்குப் பிரிவிலிருந்து பதில் வந்தது. கேட்ட தொகைக்கும் இணைத்த சீட்டுக்கும் டாலர் மாற்று விகிதத்தில் மூன்று ரூபாய் வித்தியாசம். சீட்டில் நிறுவனத்தின் பெயர் இல்லை. முன் அனுமதி எண் இல்லை. ஆகவே, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அண்ணன் அதை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேல் ஒட்டிக்கொண்டார். யார் கேட்கிறார் என்று பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு கேட்கிறார் என்று பார்த்திருக்கிறார்கள். சொன்ன அளவும் வந்த அளவும் ஒன்றா என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எல்லைச் சோதனை தெரியாத நிறுவனம் என்று எங்களை இனி எவரும் சொல்ல முடியாது.